மேஸ்திரி கொடுத்த ஸ்கேல்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் 34 வருஷம் பேட்டர்ன் மேக்கராக இருந்தேன். தேக்கில் நாங்கள் மாதிரி செதுக்கிக் கொடுப்போம். மோல்டர் அதை மண்ணில் பதித்து எடுப்பார். அந்தக் குழியில் காய்ச்சிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். அதைக் கணக்குப் பண்ணி மரத்தைப் பெரிதாகவே செதுக்க வேண்டும். அதற்கென்றே தனி ஸ்கேல் உண்டு.

சேர்ந்த இரண்டாம் வருஷம், தெரியாமல் சாதாரண ஸ்கேலை எடுத்துவிட்டேன். 12 வார்ப்பும் சிறுத்து வந்தது. மேஸ்திரி கை ஓங்கவில்லை. "நீ நெனச்ச அளவுக்கு அது வராதுடா. அது வர்ற அளவுக்கு நீ போடு" என்று சரியான ஸ்கேலைக் கையில் வைத்தார்.

2015 பிப்ரவரியில் கொச்சியில் மகள் வீட்டில் இருந்தபோது, பேரன் பியென்னாலே என்ற கலைக் கண்காட்சியைப் பார்க்கக் கூட்டிப் போனான். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை, அதை ஒளிப்பானேன்? பெப்பர் ஹவுஸ் என்ற பழைய கிடங்குக்குப் போனதும் மூக்குதான் முதலில் விழித்தது. கிராம்பு, பட்டை, தூபம். மளிகைக் கடையா, மாதா கோயிலா என்று பார்த்தால், தவிட்டு நிறத்தில் ஏசுவும் சீடர்களும்!

செய்தவர் பெனிதா பெர்சியாள். 1978-இல் திருவண்ணாமலையில் பிறந்து, சென்னையில் ஓவியம் படித்தவர். குந்திருக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், மசாலாச் சாமான்கள் எல்லாம் சேர்த்துப் பிசைந்து வார்த்த உருவங்கள். தொழில் புத்தி விடுமா? மோல்டு சேர்ந்த கோடு எங்கே என்று குனிந்து தேடினேன். பேரன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

எங்கள் மோல்டிங் மண்ணிலும் வெல்லப்பாகு கலப்போம். காய்ந்தால் இறுகும், ஈரம் பட்டால் இளகும். பிசினும் தூளும் சேர்ந்த சிலைக்கும் அதே குணம்தானே? கடல் காற்றில் இளகும், வாசனையும் நாளாக நாளாகக் குறையும். தெரிந்தேதான் அதில் செய்திருக்கிறார் அந்தப் பெண்.

மேஸ்திரி சொன்ன வார்த்தையும், கூடவே என் மூத்தவன் ஞாபகமும் வந்தன. பாலிடெக்னிக்தான் என்று அடித்துச் சொன்னேன். அவனுக்குச் சமையல் படிக்க ஆசை. நாலு வருஷம் என்னோடு பேசவில்லை. இரும்புக்கு எடுத்த ஸ்கேலை அவனுக்கு நான் எடுக்கவில்லை. அன்று ராத்திரி கொச்சியிலிருந்தே அவனுக்கு போன் போட்டேன். என்ன சமைத்தாய் என்று கேட்டேன், வேறொன்றும் வரவில்லை.

பெனிதா படித்த அரசு கவின் கலைக் கல்லூரி நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது, பெரியமேட்டில். ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கியது. 1890களின் கடைசியில் சாட்டர்டன் என்ற பொறியாளர் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்ததும் அங்கேதான். பட்டறைக்கும் கலைக்கும் அந்த இடத்தில் பழைய உறவு உண்டு.

எஸ்டேட்டில் பட்டறையை மூடுகிறவர்கள் தேக்கு பேட்டர்ன்களை விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளுவதற்கு முன் அந்தக் கல்லூரியில் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.