லிச்சி பூத்த மார்ச்

முசாபர்பூரைத் தாண்டியதுமே சாலையின் இருபுறமும் லிச்சித் தோப்புகள். பழம் வர மே மாதக் கடைசி ஆகும். மார்ச்சில் மரம் கொள்ளாமல் பூ. பச்சையும் மஞ்சளும் கலந்த பொடிப்பூ, இதழே கிடையாது. கிளைகளின் நிழலில் வரிசையாகத் தேன்பெட்டிகள்.

2018இல் புவிசார் குறியீடு பெற்ற ஷாஹி லிச்சியின் மண் இது. எனக்கு வேண்டியிருந்தது அதன் தேன்.

வேறு பூ கலக்காமல் எப்படித் தேன் எடுக்கிறார்கள்? தேனீ ஒருமுறை கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும். மீதி, பெட்டிக்காரரின் காலக்கணக்கு. நான் சந்தித்தவர் டிசம்பரிலும் ஜனவரியிலும் கடுகு வயல்களில் இருந்தவர். லிச்சி மொட்டு விரியுமுன் கடுகுத் தேனை எடுத்து அடைகளைக் காலி செய்துவிட்டார். கடுகுத் தேன் சீக்கிரம் உறையும். அது கலந்தால் லிச்சித் தேனின் தெளிவு போய்விடும். லிச்சி ஓய்ந்ததும் ஜார்க்கண்டின் புங்க மரங்களுக்குப் பயணம். பொழுது சாய்ந்து தேனீக்கள் அடைந்த பிறகுதான் வாசலை அடைத்து லாரியில் ஏற்றுவார்கள்.

சட்டங்களைக் கழற்றி மாட்டும் பெட்டிக்கு அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1852இல் காப்புரிமை பெற்றார். அடையைச் சிதைக்காமல் சுழற்றித் தேன் எடுக்கும் கருவியை ஹ்ருஷ்கா என்பவர் 1865இல் காட்டினார். இந்த இரண்டும் இல்லாவிட்டால் பூவுக்குப் பூ அடையைக் காலி செய்ய வழியேது! அடையோடு பிழிந்த காலத்தில் அடையும் போயிற்று, எல்லாப் பூவும் ஒன்றாயிற்று.

தோப்புக்காரருக்கும் பெட்டிகள் வேண்டும். லிச்சியில் ஆண்பூவும் பெண்பூவும் வேறுவேறு. பூச்சி வந்தால்தான் காய் பிடிக்கும். பூத்திருக்கும்போது மருந்து அடிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. தேனீயும் சாகும், காயும் குறையும்.

பெட்டிக்காரர் புகை காட்டி ஒரு சட்டத்தைத் தூக்கினார். மேல்பாதியில் வெள்ளை மெழுகு மூடி. கீழ்ப்பாதி திறந்தே மினுங்கியது. ஓரத்தைக் கத்தியால் கீறி என் விரலில் வைத்தார். வெளிர்பொன் நிறம், நாக்கில் பழத்தின் வாசம், கடைசியில் மெல்லிய புளிப்பு.

“கீழே இன்னும் தண்ணீர் வற்றவில்லை, பாய் சாஹிப். இப்போதே எடுத்தால் புளித்துவிடும். வியாபாரி காத்திருக்க மாட்டேன் என்கிறார்.”

பூ நிற்பதே சில வாரம். அதற்குள் அவசரப்படுத்தி, மூடாத தேனை மலிவாகக் கேட்கிற சந்தைமீதுதான் எனக்குக் கோபம், இவர்மீது இல்லை. முழுக்க மூடிய அடையிலிருந்து இரண்டு கிலோ எடுத்துவைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்தேன். அவர் சட்டத்தைத் திரும்ப இறக்கிவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கப் போனார்.