ஊஞ்சலுக்குக் கீழே மணல் இருக்கிறதா?

“மிஸ், இவனை எங்க விளையாட விடுறது? ஒரு பக்கம் காலி வீதி, மற்றப் பக்கம் தண்டவாளம்.”

தெஹிவளையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் வசிக்கும் தாயொருவர் இப்படிக் கேட்டபோது, சமூகப் பணியாளராகிய என்னிடம் பதில் இருக்கவில்லை. தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளுக்குள் ஐந்து பேர். ஒன்பது வயது மகன் பாடசாலை விட்டு வந்ததும் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்கு ஓடிவிடுகிறான். முதல் நாள் கடைக்காரர் ஒருவர் அவனைத் தண்டவாளத்தருகே பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார். தாய் அவனை அடித்திருக்கிறார். பிறகு இருவரும் சேர்ந்து அழுதிருக்கிறார்கள்.

அந்தத் தாய்க்காகப் பாதியும் என் ஆறு வயது மகளுக்காகப் பாதியுமாக, அன்றிலிருந்து நான் விளையாட்டிடம் தேடி நடக்கத் தொடங்கினேன்.

நான் வவுனியாவில் வளர்ந்தவள். எங்களுக்கு விளையாட்டிடம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. வளவு இருந்தது. கிளித்தட்டுக்குக் கோடு கீற முற்றம் போதும். ஊஞ்சலுக்கு மாமரக் கிளையும் ஒரு கயிறும் போதும். இங்கே பலருக்கு மரமும் இல்லை, முற்றமும் இல்லை. வாகனத் தரிப்பிடத்தில் பந்தடித்தால் காவலாளி ஏசுகிறார். கடைசியில் பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நாங்களே “எந்நேரமும் போனோடதான்” என்று குறை சொல்கிறோம்.

முதலில் பெரிய இடங்களுக்குப் போனோம். காலிமுகத்திடலில் ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் காலத்துக் கல்லொன்று உண்டு. 1856இல் தொடங்கி 1859இல் முடித்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகத் தனக்குப் பின் வருவோரிடம் அவர் ஒப்படைத்ததாக அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை வாசித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. நம் ஒழுங்கைகளுக்கு அப்படி ஒரு கல்லை யார் நடுவார்கள்? பட்டம் விட அதைவிட நல்ல இடம் இல்லை. நிழலுக்கு மட்டும் குடை கொண்டுபோக வேண்டும்.

பத்தரமுல்லையில் 2012இல் திறக்கப்பட்ட தியத்த உயன, தியவன்னா ஓயாவின் கரையில் அழகாக இருக்கிறது. அங்கே போனால் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டிப் பிள்ளையை அழைத்து வருவதுதான் பெரும்பாடு. எங்களுக்குப் பிடித்தது பெல்லன்வில. தெஹிவளையிலிருந்து மஹரகமை செல்லும் பேருந்தில் ஏறிப் போய்விடலாம். நீர்க்கரையோரம் நடைபாதை, கொக்கும் நீர்க்காகமும் பார்த்தபடி நடக்கலாம். பக்கத்திலேயே பெல்லன்வில - அத்திடிய சரணாலயம். 2018இல் கொழும்பு ராம்சர் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது இத்தகைய சதுப்பு நிலங்களால்தான்.

ஆனால் அந்தத் தாயால் வேலை நாளில் பெல்லன்வில போக முடியுமா? வீட்டில் கைக்குழந்தை, ஆறு மணிக்கு இரவுச் சமையல். அவருக்கு வேண்டியது நடந்து போய் ஒரு மணி நேரத்தில் திரும்பக்கூடிய இடம்.

அப்படியொரு சிறுவர் பூங்கா பத்து நிமிட நடையில் இருக்கத்தான் செய்தது. பெயர் வேண்டாம். இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கி, ஒரு ரயர் ஊஞ்சல், துருப்பிடித்த ஏறுகம்பி. மகளை அங்கே கொண்டுபோன மூன்றாம் நாள் ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். கீழே சீமெந்து. நெற்றியில் நான்கு தையல். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபோது என்னையே நொந்துகொண்டேன். பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பிற பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறவள், ஊஞ்சலின் கீழே குனிந்து பார்க்கவில்லையே!

அதன் பிறகுதான் எதைப் பார்க்க வேண்டும் என்று படித்தேன். ஊஞ்சலுக்கும் சறுக்கிக்கும் கீழே சீமெந்தோ இறுகிய தரையோ இருக்கக்கூடாது. 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தளர்ந்த மணல் வேண்டும். மணல் கால்பட்டு ஒதுங்கிவிடும், ஆகையால் அடிக்கடி கிளறிச் சமப்படுத்தவும் வேண்டும். வேலிக் கம்பிகளுக்கும் ஏணிப் படிகளுக்கும் இடையிலான இடைவெளி 9 சென்ரிமீற்றருக்கும் 23 சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்டிருந்தால் சிறுபிள்ளையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளலாம். பின்னேரம் மூன்று மணி வெயிலில் தகரச் சறுக்கி சூடேறி நிற்கும். பிள்ளையை ஏற்றுமுன் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ரயர் ஊஞ்சலுக்குள் மழைநீர் தேங்கினால் அது நுளம்புத் தொட்டி. 2017இல் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டதை நாம் மறக்கவில்லைதானே? ரயரின் அடியில் இரண்டு துளை போட்டால் நீர் வடிந்துவிடும்.

தொடர்மாடிப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து கடிதம் எழுதினோம். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுதத் தடுமாற்றம். எதிர்வீட்டுச் சிங்கள அக்காதான் எழுதித் தந்தார். அவருடைய பேரனும் அதே சீமெந்தில் முழங்காலை உரசிக்கொண்டவன். சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை பிள்ளைக்கு விளையாடும் உரிமையைத் தருகிறது, அதை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது என்று நான் சேர்க்கச் சொன்னேன். “அதையும் போடுவம். ஆனா முதல்ல தையல் போட்ட கதையை எழுதுவம் நங்கி” என்றார் அக்கா. அவர் சொன்னதே சரி. இரண்டு முறை நேரில் போய், மூன்றாம் முறை மகளின் நெற்றித் தழும்பைக் காட்டிய பிறகு அசைவு தெரிந்தது. ஊஞ்சலின் கீழிருந்த சீமெந்தை உடைத்து எடுத்தார்கள். இரண்டு லோட் மணல் வந்தது. ஏறுகம்பி இன்னும் துருவோடுதான் நிற்கிறது.

மணல் வந்த பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் ஒருவரும் அங்கே இல்லை. பெரிய பையன்கள் கிரிக்கெட்டுக்காக நடு இடத்தை எடுத்துக்கொள்ள, தங்கைமார் ஓரத்தில் பைகளைக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். தாய்மாரைக் கேட்டால் “பெரிய பிள்ளையாகிவிட்டாள், ரியூசனும் இருக்கு” என்கிறார்கள். ரியூசன் அண்ணனுக்கும் இருக்கிறது! அமர்வதற்கு ஒரு வாங்கும் பூட்டாத மலசலகூடமும் இருந்தால் தாயும் கூட வந்து இருப்பார், மகளையும் அழைத்து வருவார் என்பது என் அனுபவம். வாங்கு இன்னும் கிடைக்கவில்லை. நாங்கள் பாய் கொண்டுபோகிறோம்.

பையன்களோடும் பேசினோம். முறைத்தார்கள், பிறகு செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிவரை நடு இடத்தை விட்டுத்தரச் சம்மதித்தார்கள். போன வியாழக்கிழமை அங்கே கிளித்தட்டுக்குக் கோடு கீறினேன். சிங்களப் பிள்ளைகளுக்கு விளையாட்டு முறையை விளக்க எனக்குச் சொல் போதவில்லை, என் மகள் விளக்கினாள். தண்டவாளம் தாண்டி ஓடுகிற அந்தப் பையனும் வந்திருந்தான். கிளியாக நிற்க அவனைத்தான் போட்டார்கள். தாய் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருந்தார். ஆறு மணிக்கு அவர் கூப்பிட்டபோது, இன்னும் ஒரு ஆட்டம் என்று அவன் வரவேயில்லை.