நட்சத்திரத்திடம் அட்ரஸ் கேட்டேன்!

"இன்னா தம்பி, ரோடு அளக்கறீங்களா?"

இருட்டிலிருந்து குரல் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரக்காணம் உப்பளத்து வரப்பு. இரவு எட்டரை மணி. சித்திரை மாத அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. டார்ச் வெளிச்சம் என் முக்காலி ஸ்டாண்டின் மேல் விழுந்தது.

"பைபாஸ் வருதா? நெலத்த எடுக்கப் போறாங்களா?"

"இல்லீங்க ஐயா. குத்தகைக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். நட்சத்திரத்தைப் போட்டோ எடுக்கணும்."

உப்புக் குவியல்களுக்குக் காவல் இருக்கும் பெரியவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், மெட்ராஸ்ல வானம் இல்லியா?"

நியாயமான கேள்வி. வானம் இருக்கிறது, நட்சத்திரம்தான் இல்லை. என் மொட்டை மாடியில் ஏழு நட்சத்திரம் எண்ணுவதற்குள் எதிர் வீட்டுக்காரர் லைட்டைப் போட்டுவிடுவார். அதனால்தான் நண்பனின் பழைய மாருதியைக் கடன் வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

சாயங்காலம் பார்க்க வேண்டும் மரக்காணத்தை! கண்ணுக்கு எட்டிய வரை கண்ணாடி பதித்த மாதிரி பாத்திகள். வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். பக்கத்திலேயே, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. பாணர்கள் பரிசில் கேட்டு வந்த வழியில் நான் வந்ததோ இ.எம்.ஐ. பாக்கியோடு!

விஷயம் அதுதான். டெலஸ்கோப்பைத் தாங்கிக்கொண்டு தானே திரும்பும் கம்ப்யூட்டர் மவுண்ட், 24 மாதத் தவணை. இதற்கு முன் இரண்டு தடவை வந்து எடுத்த படங்களில் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக விழுந்திருந்தன. "ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். இந்தத் தடவையும் கோலம் போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா, அதை வித்துடலாம்" என்று மனைவி சொல்லியனுப்பியிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

கோடு ஏன் விழுகிறது? பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. மவுண்ட் அதற்கு ஈடுகொடுத்துத் திரும்ப வேண்டுமானால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைத்தால் போச்சு என்பார்கள். ஐரோப்பாக்காரனுக்குச் சரி. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, துருவ நட்சத்திரமும் ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மரக்காணத்தில் 12 டிகிரி! கடல் மூட்டமும் வடக்கே சென்னையின் வெளிச்சமும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். போன இரண்டு தடவையும் நான் குத்துமதிப்பாகத்தான் வைத்தேன்.

இந்த முறை நம்பிக்கை 'பிளேட் சால்விங்' மேல். அந்தக் காலத்தில் வானத்தைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார்கள். பெயர் மட்டும் மிச்சம். கேமரா ஒரு படம் எடுக்கும். லேப்டாப் அதில் நாலு நாலு நட்சத்திரமாகச் சேர்த்து, அவற்றுக்கிடையே உள்ள தூரங்களின் விகிதத்தைப் பார்க்கும். படம் தலைகீழாக இருந்தாலும் சின்னதாக இருந்தாலும் விகிதம் மாறாது - கட்டைவிரல் ரேகை மாதிரி. அதை நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, "நீ பார்க்கும் இடம் இது" என்று சொல்லிவிடும். இந்த வழியை டஸ்டின் லாங், டேவிட் ஹாக் குழுவினர் 2010-இல் விவரமாக வெளியிட்டார்கள். பட்டியல் போடுவது நமக்கும் புதிதல்ல. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் உட்கார்ந்து டி.ஜி.டெய்லர் 11,015 நட்சத்திரங்களின் அட்ரஸ் எழுதிய பட்டியல் 1844-இல் வந்தது!

முதல் படம். "சித்திரை நட்சத்திரத்தைப் பார்க்கிறேன்" என்றது மவுண்ட். "பொய்! மூன்று டிகிரி தள்ளிப் பார்க்கிறாய்" என்றது லேப்டாப். அதாவது ஆறு முழு நிலாக்களின் அகலம்.

அடுத்து அச்சு. குடையைச் சுழற்றினால் கம்பி நுனி வட்டம் போடுமல்லவா? அதில் மூன்று புள்ளி தெரிந்தால் போதும், குடைக்காம்பு எங்கே என்று சொல்லிவிடலாம். அதே மாதிரி ஓர் அச்சை மட்டும் திருப்பித் திருப்பி மூன்று படம். துருவ நட்சத்திரத்தைப் பார்க்காமலேயே அச்சு எவ்வளவு கோணல் என்று வந்துவிட்டது. திருகாணிகளைத் திருகினேன். பிழை குறைந்தது. விசில் அடித்தேன்.

ஐந்து நிமிஷத்தில் பிழை மறுபடி ஏறியது! திருகினேன். ஏறியது. கேபிளைத் திட்டினேன், சாஃப்ட்வேரைத் திட்டினேன். மணி பத்தரை. மனசுக்குள் விற்பனை விளம்பரமே எழுதிவிட்டேன் - 'அதிகம் உபயோகிக்காதது'.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. ஒரு காலு அமுங்குது. வரப்பு களிமண்ணு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கால் இரண்டு விரற்கடை உள்ளே போயிருந்தது. பெரியவர் குடிசைப் பக்கம் போய் மூன்று பலகைத் துண்டு கொண்டுவந்து காலுக்கு ஒன்றாக வைத்தார். "பாத்தி மட்டம் தப்புனா உப்பு ஒரு பக்கமாத்தான் பூக்கும். எதுவானாலும் அடி மட்டம் பார்க்கணும்."

மறுபடி மூன்று படம். திருகல். இந்த முறை பிழை ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்கும் கீழே வந்து அசையாமல் நின்றது.

பதினொன்றரைக்கு ஒமேகா சென்டாரி தெற்கே முப்பது டிகிரி உயரத்துக்கு வந்தது. 1677-இல் எட்மண்ட் ஹாலி கவனித்துச் சொன்ன நட்சத்திரக் கொத்து. சுமார் 17,000 ஒளி ஆண்டு தூரம். ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள். ஐரோப்பாவில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து பார்க்க முடியாதது நமக்குச் சுலபம். 12 டிகிரியில் இருப்பதற்கு இப்படி ஒரு லாபம்! மவுண்ட் திரும்பியது, படம் எடுத்தது, அட்ரஸ் கேட்டது, நகர்ந்து நடுவில் நின்றது. அறுபது விநாடி எக்ஸ்போஷர்.

கோடு இல்லை. ஊசியால் குத்திய மாதிரி புள்ளிகள்!

அந்த நிமிஷமே தீர்மானித்தேன், விற்பதில்லை. ஃபீஸுக்கு ஆபீஸ் சொசைட்டியில் லோன்.

"வாங்க ஐயா, பாருங்க!"

"எனக்கு எங்க தெரியப்போவுது? நாப்பது வருஷம் உப்பு மேல வெயிலப் பார்த்த கண்ணு. நட்சத்திரமெல்லாம் அவிஞ்சி ரொம்ப நாளாச்சி."

லேப்டாப்பை அப்படியே அவர் மடியில் வைத்தேன். திரை முழுக்கக் கொத்து. முகத்தை அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நல்ல உப்பு தம்பி. மழைக்கு முந்தி கீத்து போட்டு மூடிடுங்க."