ஷ்ரெக்கும் என் மகளும்

2020-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்தப்புறம்தான் அந்தமானில் எங்க வீட்டில் நிம்மதியா படம் பார்க்க முடியுது. நேத்து 'ஷ்ரெக்'. 2001-ல் வந்தது; முழுநீள அனிமேஷன் படத்துக்கான முதல் ஆஸ்கர் வாங்கினது.

கழுதை வாயைத் திறந்தாலே பையன் உருண்டு சிரிச்சான். கூட்டத்தைக் கைதட்டச் சொல்லி அட்டை காட்டுற இடத்தில் நான் சிரிச்சேன். நம்ம ஊர் மீட்டிங் ஞாபகம் :-)

கடைசியில் சாபம் தீர்ந்தும் ஃபியோனா பச்சை ராட்சசியாவே நிற்கிறா.

"அப்பா, ஏன் அழகா மாறல?" ஏழு வயசு மகள் கேட்டா.

"ஷ்ரெக் கண்ணுக்கு அவ அழகுதானேம்மா."

"அப்போ நான் கறுத்தா?"

பீச்சுக்குப் போறப்பல்லாம் 'வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே'ன்னு சொல்றவன் நான்தான். பதில் வரல.

ஞாயித்துக்கிழமை கார்பின்ஸ் கோவ் போறோம். வாயை மூடிக்கிட்டு இருக்கணும்.