எவடத்து ஆள்?

காலை ஏழரைக்கே கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயன் சந்தியில் வெயில் ஏறி நிற்கிறது. 2025 ஏப்ரல் கடைசிக் கிழமை. மே 6இல் கரைச்சிப் பிரதேச சபைக்கு வாக்கெடுப்பு. தேநீர்க் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வாய்ப்பனும் றோல்ஸும் இருக்கின்றன. பெட்டியின் மேல் வீடு, திசைகாட்டி, இன்னும் சில சின்னங்கள் போட்ட துண்டுப் பிரசுரங்கள். பிளேன்ரீ வாங்க வருகிறவர்கள் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் பார்க்கிறார்கள். பிறகு அதே தாளால் மேசையில் சிந்தியதைத் துடைக்கிறார்கள்.

வாங்கில் நாலு பேர். மூவர் கமக்காரர், ஒருவர் பென்சன் எடுத்த வாத்தியார். பேச்சு குளத்துத் தண்ணீரில் தொடங்குகிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்த்தாகிவிட்டது. ஆனாலும் கடைசி வாய்க்கால்காரனுக்குத் தண்ணீர் இந்த முறையும் பிந்தித்தான் வரும் என்கிறார் ஒருவர். அங்கிருந்து நெல் விலை, யானை, கசிப்பு, மணல் ஏற்றிக்கொண்டு இரவில் ஓடும் டிப்பர் என்று போகிறது. இதில் எதற்கும் கட்சி இல்லை. நாலு பேரும் ஒரே குரலில் ஏசுகிறார்கள்.

பிறகு ஒருவர் பிரசுரத்தில் உள்ள படத்தைக் காட்டுகிறார்.

“உவன் நல்ல பொடியன். உழவு மெசின் வச்சிருக்கிறான். ஆற்றையும் காசுக்கு நிக்கமாட்டான்.”

“எவடத்து ஆள்?”

“இஞ்சதான், முறிகண்டிப் பக்கம்.”

“அது இப்ப. தேப்பன்ர ஊர்?”

பதில் வரவில்லை. வாத்தியார் கோப்பைக்குள் பார்க்கிறார். என்ன கேட்கப்பட்டது என்பது நாலு பேருக்கும் விளங்கிவிட்டது. கிளிநொச்சி மாவட்டமே வந்து குடியேறியவர்களால் நிறைந்த மண். குடியேற்றத் திட்டங்களில் காணி எடுத்து யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் வந்தவர்கள் ஒரு பக்கம். 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து ஓடிவந்தவர்கள் இன்னொரு பக்கம். 2008இல் சண்டை கிட்ட வந்தபோது எல்லோரும் ஒரே பாதையால், ஒரே லாண்ட் மாஸ்டர்ப் பெட்டிகளில் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்து ஒரே மாதிரித் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். இருந்தும் “தேப்பன்ர ஊர்” என்ற கேள்வி இடம்பெயராமல் இங்கேயே இருந்திருக்கிறது.

பத்து மணியளவில் ஒரு ஸ்கூட்டி வந்து நிற்கிறது. முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். பின்னால் இன்னொரு பெண், கையில் கொப்பி. வேட்பாளர் கும்பிட்டுவிட்டுப் பெயரைச் சொல்கிறார். முன்பள்ளியில் படிப்பிக்கிறாராம். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருந்தாராம்.

“ஆற்றை மகள், பிள்ளை?”

சொல்கிறார்.

“மனுசன் என்ன செய்யிறார்?”

“சண்டையிக்க தவறிட்டார், ஐயா.”

“ஓ... பிள்ளையள்?”

“ரெண்டு.”

“அப்ப நீ இதுக்குத் திரிஞ்சால் பிள்ளையளை ஆர் பாக்கிறது?”

கேட்டவர் கெட்ட மனிதர் இல்லை. குரலில் உண்மையான அக்கறை இருக்கிறது. அந்தப் பெண்ணும் கோபிக்கவில்லை. இதே கேள்விக்கு வீடு வீடாகப் பதில் சொல்லிப் பழகிய முகம். “அம்மா இருக்கிறா ஐயா” என்கிறார். பிறகு, தான் சொல்ல வந்ததைச் சொல்கிறார்: உள்வீதிகளுக்குக் கிரவல், தெருவிளக்கு, குப்பை. எல்லாம் பிரதேச சபையின் கைக்கு எட்டிய வேலைகள். மடை திறக்கிற அதிகாரம் தங்களுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறார். அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வேலை. கமக்காரர் அமைப்போடு போய்க் கதைக்கலாம், அவ்வளவுதான்.

ஸ்கூட்டி போனதும் வாங்கில் சிறிய அமைதி.

“நல்லாக் கதைக்கிறா.”

“ஓம். விசயம் தெரிஞ்ச பிள்ளை. ஆனால் பொம்பிளை...”

வசனம் அந்த இடத்தில் நிற்கிறது. முடிக்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

முதல் நாள் பின்னேரம் இதே வாங்குக்கு ஒரு ஆண் வேட்பாளரும் வந்திருந்தார். அவரிடம் வீதியைப் பற்றிக் கேட்டார்கள்; சபைக்கு வரும் வருமானத்தைப் பற்றிக் கேட்டார்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்கவில்லை. அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

இரண்டு நாள் கழித்து, சனசமூக நிலையத்தில் கூட்டம். பிளாஸ்டிக் கதிரைகள், கரகரக்கும் ஒலிபெருக்கி. மூன்று தரப்பு வேட்பாளர்கள். ஆண்கள் முன்னுக்கு, பெண்கள் பின்னுக்கு என்று யாரும் சொல்லாமலே பிரிந்து இருக்கிறார்கள். முதலாவது பேச்சாளர் தமிழர் ஒற்றுமை என்கிறார். இரண்டாமவர் ஊழலற்ற ஆட்சி என்கிறார். மூன்றாமவர் இரண்டையும் சொல்கிறார்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆச்சி எழும்புகிறார். ஒலிவாங்கி வேண்டாம் என்று கையால் தள்ளிவிடுகிறார்.

“என்ர மோன் எங்க எண்டு கேட்டுக் கேட்டு நான் கிளிநொச்சி ரோட்டில இருந்தனான். அதுக்குப் பிரதேச சபையால ஒண்டும் ஏலாது எண்டு எனக்குத் தெரியும். ஏலாததை ஏலும் எண்டு சொல்லி என்னட்ட வரவேண்டாம். எங்கட ஒழுங்கையில மூண்டு விதவையள் இருக்கிறம். ராவில லைற் இல்லை. அதை ஆர் செய்யிறியள், எப்ப செய்யிறியள்?”

மூவரும் செய்வோம் என்கிறார்கள். “எப்ப?” என்கிறார் ஆச்சி மறுபடி. ஒரேயொருவர் மாதம் சொல்கிறார். ஆச்சி தலையாட்டிவிட்டு இருக்கிறார். அன்றைய கூட்டத்தில் வேறு எவரும் திகதி கேட்கவில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20இல். அந்தத் தாய்மாரில் ஒருவர் தெருவிளக்கைப் பற்றிப் பேசும்போது மகனை மறந்துவிட்டுப் பேசவில்லை. எந்தக் கதவில் எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. “தமிழர் இனத்துக்கு வாக்களிக்கிறார்கள், பிரச்சினைக்கு வாக்களிப்பதில்லை” என்று கொழும்பிலிருந்து எழுதுகிறவர்கள் இந்த ஆச்சியைப் பார்த்ததில்லை. காணி, காணாமல் போனவர்கள், அதிகாரப் பகிர்வு எல்லாம் இங்கே பிரச்சினைகள்தான். தெருவிளக்கைவிடப் பெரிய பிரச்சினைகள், அவ்வளவுதான்.

கணக்கைப் பார்த்தாலும் அப்படித்தான். கிளிநொச்சி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்கும். போர் முடிந்து எட்டு மாதத்தில், 2010 ஜனவரியில், ஜனாதிபதித் தேர்தல் வந்தது. தமிழ் வேட்பாளராக எம். கே. சிவாஜிலிங்கம் நின்றார். நாடு முழுவதும் அவருக்கு விழுந்தவை 9,662 வாக்குகள். யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல் தேர்ந்தது சரத் பொன்சேகாவை. தங்கள் மேல் படை நடத்திய தளபதியை. அன்று ஆட்சியில் இருந்தவரை மாற்றுவது அவர்களுக்கு முதல் காரியமாக இருந்தது. 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இல் சஜித் பிரேமதாச. இருவரும் சிங்களவர், இருவருக்கும் இந்த மாவட்டம் பெரும்பான்மை கொடுத்தது.

2024 செப்டெம்பர் 21இல் தமிழ்ப் பொதுவேட்பாளராக பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். நாடு முழுவதும் 226,343 வாக்குகள். யாழ் மாவட்டத்தில் அவருக்கு 116,688. அவரைச் சற்றே முந்திய சஜித்துக்கு 121,177. அநுர குமார திசாநாயக்கவுக்கு இங்கே கிடைத்தது 27,086 மட்டும். எட்டுக் கிழமை போகவில்லை. நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அதே அநுரவின் தேசிய மக்கள் சக்தி இதே மாவட்டத்தில் 80,830 வாக்கு எடுத்து, ஆறு ஆசனத்தில் மூன்றைக் கொண்டுபோனது. தென்னிலங்கைக் கட்சி ஒன்று இங்கே முதலிடம் வந்தது பலருக்கும் அதிர்ச்சி. தமிழ்க் கட்சிகளின் உட்சண்டையில் சனம் களைத்திருந்தது; மாற்றம் வேண்டும் என்றது. இதெல்லாம் இனத்தால் கண்கட்டப்பட்ட சனத்தின் கணக்கு இல்லை.

கண்கட்டு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறு பேர், வன்னி மாவட்டத்தில் ஆறு பேர் தெரிவானார்கள். வடக்கு முழுவதற்கும் பன்னிரண்டு உறுப்பினர். பன்னிரண்டு பேரும் ஆண்கள். அதே நாளில், பெரும்பாலும் சிங்களவர் வாழும் மாத்தறை மாவட்டத்தில் சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண் 148,379 விருப்பு வாக்குகளுடன் வென்று, பிறகு மகளிர், சிறுவர் விவகார அமைச்சரானார். மலையகத்தில் நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழ்ப் பெண்கள் தெரிவானார்கள். இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1931இல். அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குப் போனார். அனுப்பியது கொழும்பு வடக்கு. தமிழ்ப் பெண்ணைத் தெரிவு செய்வதில் வெளியூர்கள் எங்களைவிட முந்திக்கொள்வது புதிதல்ல.

வடக்கிலிருந்து பெண்கள் போகவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2004இல் பத்மினி சிதம்பரநாதன் போனார். 2010 முதல் 2020 வரை விஜயகலா மகேஸ்வரன் இருந்தார். 2013 செப்டெம்பர் மாகாணசபைத் தேர்தலில் அனந்தி சசிதரன் யாழ் மாவட்டத்தில் 87,870 விருப்பு வாக்கு எடுத்தார். முதலமைச்சரான சி. வி. விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம் அவருக்கே. அனந்தி சரணடைந்து காணாமல் போன தன் கணவருக்காகக் குரல் கொடுத்தவர். சனம் அந்தக் கேள்விக்கு வாக்களித்தது. பெரும் பிரச்சினை ஒன்றின் முகமாக ஒரு பெண் வந்து நின்றால் வன்னியும் யாழ்ப்பாணமும் வாக்களிக்கின்றன. வீதிக்குக் கிரவல் போடுவேன் என்று வரும் பெண்ணிடம்தான் “மனுசன் என்ன செய்யிறார்?” என்று கேட்கின்றன.

சட்டம் ஒரு படி வைத்துக் கொடுத்திருக்கிறது. 2016இல் வந்த திருத்தத்தால் உள்ளூராட்சி சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு. 2018 பெப்ரவரியில்தான் முதன்முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாடு முழுக்க நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான் பெண்கள். ஆனால் வட்டாரத்தில் நேரே நிற்கும் பட்டியலில் பத்து வீதம் பெண்கள் இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில் ஐம்பது வீதம். ஆகவே கட்சிகள் வட்டாரத்தை ஆண்களுக்கு வைத்துக்கொண்டு, பெண்களின் பெயர்களால் மற்றப் பட்டியலை நிரப்புகின்றன. அந்த ஸ்கூட்டியில் வந்தவர் வட்டாரத்தில் நிற்க எத்தனை பேரிடம் எத்தனை முறை போயிருப்பார் என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

மே 6. காலை ஏழுக்கு வாக்குச்சாவடி திறக்கிறது. வேம்பின் கீழ் இரண்டு வரிசைகள். பெண்கள் வரிசை நீளம். கூலி வேலைக்குப் போகவேண்டியவர்கள் முதலில் வந்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி. அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஆச்சி. தேநீர்க் கடை வாத்தியார் வெள்ளை வேட்டியில் வருகிறார். விரலில் மை வாங்கி, மறைப்புக்குள் போய், வழமையை விடச் சற்று நேரம் நிற்கிறார். அதிகாரி தலையை உயர்த்திப் பார்க்கிறார். வாத்தியார் வெளியே வந்து, மடித்த தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒருவரோடும் பேசாமல் சைக்கிளை எடுக்கிறார். யாருக்குப் போட்டார் என்பது அவருக்கும் பெட்டிக்கும் தெரியும்.

கிளிநொச்சி மாவட்டத்தின் மூன்று பிரதேச சபைகளிலும் இலங்கைத் தமிழரசுக் கட்சி முதலிடம். நவம்பரில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போன வாக்கில் ஒரு பகுதி ஆறு மாதத்தில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குத் திரும்பியிருந்தது. இதை இனவாதம் என்று தெற்கில் சிலர் எழுதினார்கள். இனத்தின் வெற்றி என்று வடக்கில் சிலர் எழுதினார்கள். வாங்கில் இருந்த கமக்காரரின் விளக்கம் வேறு: “அனுப்பிப் பாத்தம். வயலுக்கும் வரேல்லை, காணிக்கும் வரேல்லை. இவங்களும் சரிவராட்டி இன்னொருக்கா மாத்துவம்.”

அந்த வாங்குக்கு ஆட்சியை எடை போடத் தெரியும். ஜனாதிபதியை இனம் பார்க்காமல் எடை போட்டது. கட்சியை ஊர் பார்க்காமல் எடை போட்டது. உள்ளூர்ப் பொடியனிடம் மட்டும் தேப்பன்ர ஊரைக் கேட்டது, உள்ளூர்ப் பெண்ணிடம் மட்டும் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டது. தூரத்து ஆளிடம் காட்டும் நீதியைப் பக்கத்து வீட்டு ஆளிடம் காட்டவில்லை.

வட மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதற்குப் பிறகு அந்தச் சபைக்குத் தேர்தலே நடக்கவில்லை. அது வருகிறபோது வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, ஆச்சி கேட்டதைக் கேளுங்கள்: எதைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள்? பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டே ஆகவேண்டுமென்றால், ஆண் வேட்பாளரிடமும் ஒருமுறை கேளுங்கள்.