வர வழி, தங்க இடம், போக வழி... திருவண்ணாமலை சொல்லும் தண்ணீர்க் கணக்கு!

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள், மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். வழியில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். ஆங்காங்கே தீர்த்தங்களும் குளங்களும் ஏரிகளும். கும்பிட்டுவிட்டுக் கடந்து போகும் கூட்டத்தில், இத்தனை குளங்கள் இந்த மலையடிவாரத்தில் ஏன் இருக்கின்றன என்று யோசிப்பவர்கள் குறைவு. அடைமழை பெய்த மறுநாள் காலையில் வந்து பார்த்தால் விடை தெரியும். மலையின் மடிப்புகள் எல்லாவற்றிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். அதை வாங்கி வைக்கத்தான் அந்தக் காலத்தில் ஏரியும் குளமும் வெட்டியிருக்கிறார்கள்.

2,668 அடி உயரமுள்ள பாறை மலை இது. மேலே மண் கனம் குறைவு. ஓர் ஆண்டில் இந்தப் பகுதிக்குக் கிடைக்கும் மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி. ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழையில் கொஞ்சம், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் கொஞ்சம் என்று இரண்டு பருவத்திலும் கிடைக்கிறது. ‘மானாவாரி பூமி, தண்ணியே இல்லை’ என்று சொல்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆயிரம் மில்லிமீட்டர் மழைக்கு, ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர்! அவ்வளவும் வானத்திலிருந்து நம் நிலத்தில் விழுந்ததுதான். அதில் எவ்வளவு மண்ணுக்குள் போனது, எவ்வளவு ஓடிப் போனது என்பதுதான் கேள்வி.

மொட்டை மலை பச்சையான கதை

1980-களில் இந்த மலையின் பெரும்பகுதியில் பாறையும் புல்லும்தான் இருந்தன. விறகு வெட்டு, மேய்ச்சல், கோடைக்குக் கோடை பற்றிய தீ என மூன்றும் சேர்ந்து மரங்களைத் தின்றுவிட்டன. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ‘அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி’ மரம் நடும் வேலையைத் தொடங்கியது. பின்னாளில் ‘தி ஃபாரஸ்ட் வே’ என்ற அறக்கட்டளை, நர்சரி, நடவு, தீத்தடுப்பு என்று அந்த வேலையைத் தொடர்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் கன்றுகளைத் தோளில் சுமந்து மேலே ஏறுகிறார்கள்.

நடுவது இந்த மண்ணுக்கு உரிய மரங்களைத்தான். மகிழம், நாவல், இலுப்பை, பாலை, கருங்காலி, வீரை, காட்டு எலுமிச்சை போன்றவை இந்த வட்டாரத்து உலர் பசுமைமாறாக் காட்டின் சொந்தக்காரர்கள். அண்ணாமலையார் கோயிலின் தல விருட்சமே மகிழ மரம்தான்.

பையிலிருந்தே தொடங்கும் பாடம்

மலையில் கன்று பிழைக்குமா என்பது நர்சரிப் பையிலேயே முடிவாகிவிடுகிறது. பையின் அடியில் துளை இல்லாவிட்டால் ஊற்றிய தண்ணீர் தேங்கும். மண்ணில் காற்றுப் போக வழியில்லாமல் வேர் அழுகும். வெளியே பார்த்தால் இலை வாடியிருக்கும். ‘தண்ணி பத்தலை’ என்று நினைத்து மேலும் ஊற்றுவோம். கன்று செத்துப்போகும். நர்சரியில் பல கன்றுகள் போவது தாகத்தால் அல்ல, இப்படி நாம் காட்டும் பாசத்தால்தான்.

அதனால் பையில் மண் நிரப்பும்போது செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் கலந்திருக்க வேண்டும். மணல் தண்ணீரை இறக்கிவிடும். தொழுவுரம் வேண்டிய ஈரத்தைப் பிடித்து வைக்கும். தண்ணீர் விடுவதற்கு முன் ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். ஊற்றும்போது பூவாளியில் காலை நேரத்தில், அடித்துளையில் கசியும் அளவுக்கு ஊற்றினால் போதும். நடவுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வெயிலில் வைத்துப் பழக்க வேண்டும். நிழலில் செல்லமாக வளர்ந்த கன்று மலைவெயிலுக்குத் தாங்காது.

தண்ணீருக்கு உள்ளே வர வழி, தங்க இடம், மிஞ்சியது போக வழி. ஒரு கன்றுப் பைக்கு இந்த மூன்றும் வேண்டும். மலைக்கும் ஏரிக்கும் இதே கணக்குதான்.

சரிவில் தண்ணீரை நடக்க வைப்பது

சரிவில் மழைத்தண்ணீர் ஓடும். ஓடும் தண்ணீர் மண்ணையும் தூக்கிக்கொண்டு போகும். அதை நடக்க வைத்துவிட்டால் மண்ணுக்குள் இறங்கும். இதற்காகக் கன்று வைக்கும் குழியின் கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவில் கல்லும் மண்ணும் சேர்த்து வரப்புப் போடலாம். மேலிருந்து வரும் தண்ணீர் குழிக்குள் கொஞ்ச நேரம் நிற்கும். குழியைச் சுற்றி இலைதழை மூடாக்குப் போட்டால் ஈரம் பல நாள் கூடுதலாக நிற்கும்.

மிதமான சரிவுள்ள நிலத்தில் சமமட்ட வரப்புப் போடுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு சமநீளக் கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் ‘ஏ’ சட்டம் தயார். கயிறு குறுக்குக் கம்பின் நடுவில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அப்படியே காலை மாற்றி மாற்றி வைத்து, சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும்.

கோடையில் வேறு வேலை. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் சரிவு முழுக்கப் பற்றிக்கொள்ளும். சருகு எரிந்து மண் வெறுமையானால், அடுத்து வரும் முதல் மழை அந்த மண்ணைச் சுரண்டி அடிவாரத்து ஏரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தீ மேலே, தூர் கீழே! அதனால்தான் தை, மாசியிலேயே புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போட்டுவிடுகிறார்கள்.

டிசம்பர் 1, 2024

மூன்றாவது விஷயமான ‘போக வழி’ எவ்வளவு முக்கியம் என்பதை இந்த ஊர் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதே நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட தண்ணீரால் தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மிதந்தன.

மண் தாங்கும் அளவுக்கு மேல் நனைந்தால் கனம் கூடும், பிடிமானம் குறையும், சரியும். ஆகவே ‘எங்கே பார்த்தாலும் தண்ணீரைத் தேக்கு’ என்பது சரியான யோசனை அல்ல. செங்குத்தான சரிவில், அதுவும் கீழே வீடுகள் இருந்தால், தண்ணீர் தேங்கும் அகழி வெட்டக் கூடாது. அங்கே புல்லும் புதரும் மரமும் மண்ணைப் பிடிக்கட்டும். ஓடை வழியை அடைக்காமல், ஆக்கிரமிக்காமல் விட வேண்டும். மழைக்காலத்தில் தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கலாகக் கசியும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால், காத்திருக்காமல் வீட்டை விட்டு வெளியேறுவதே நல்லது.

கலிங்கு கட்டியவர்கள்

நம் முன்னோர்களின் ஏரியில் இந்த மூன்றும் இருக்கும். வரத்துக்கால் தண்ணீரைக் கொண்டுவரும். கரை தேக்கி வைக்கும். மதகு வயலுக்குக் கொடுக்கும். மிஞ்சியதைக் கலிங்கு அடுத்த ஏரிக்கு அனுப்பும். ஏரியைப் பராமரிக்க ‘ஏரி வாரியம்’ இருந்ததை, சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. வரத்துக்காலில் வீடு கட்டினால் ஏரி வறளும். கலிங்கை மேடாக்கினால் கரை உடையும்.

அடுத்த முறை கிரிவலம் வரும்போது, கையில் தீபத்தோடு கொஞ்சம் மலைச்சரிவையும் பாருங்கள். ஊருக்குத் திரும்பியதும், மழை பெய்யும்போது ஒரு குடையோடு உங்கள் நிலத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். தண்ணீர் எந்த மூலையில் நுழைகிறது, எங்கே நிற்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள். வரப்பை எங்கே போடுவது, வழியை எங்கே விடுவது என்பதை அந்த அரைமணி நேர நடையிலேயே தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.