வந்த ஊரும் சொந்த ஊரும்

ஈழத்தமிழரிடையே புதியவர் ஒருவரைக் கண்டவுடன் எழும் வினா, "நீங்கள் எந்த ஊர்?" என்பதாகும். பெயரைக் கேட்பதற்கு முன்னரே ஊரைக் கேட்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அவ்வொரு வினாவினுள் உறவு, குலம், தகுதி முதலிய பல வினாக்கள் மறைந்திருத்தலை யாவரும் அறிவர். பிறந்த ஊரிலேயே வாழ்வோர்க்கு அதற்கு விடையிறுத்தல் எளிது. அறியாப் பருவத்திற் பிறிதோர் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் நிலை அத்தகையதன்று. கிளிநொச்சியில் இன்று வாழும் பெண்ணொருத்தியின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இனக்கலவரத்தின் பின், மலையகத் தோட்டமொன்றிலிருந்து அவளது குடும்பம் வன்னிக்குப் புறப்பட்டது. அப்போது அவளுக்கு வயது ஏழு. லயத்துக் காம்பிராவையும் விடியற்காலைப் பனிமூட்டத்தையும் தேயிலை மலையையுமே உலகமென அறிந்திருந்த அவளுக்குக் கிளிநொச்சி ஒரு தண்டனையாகவே தோன்றிற்று. அங்கே மலையில்லை, குளிரில்லை, எங்கு நோக்கினும் காடும் சமதரையுமே. பகலில் மண் காலைச் சுட்டது. இரவில் யானைக்கு அஞ்சித் தீ மூட்டினர். "எப்பப்பா வீட்டுக்குப் போவோம்?" என்று அவள் நாள்தோறும் கேட்பாள். கிடுகு வேய்ந்த கொட்டிலைக் காட்டி, "இதுதான் புள்ள வீடு" என்பார் தந்தையார்.

உண்மையில் கிளிநொச்சி வந்தோரால் வளர்ந்த ஊரேயாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, அதன் நீரை நம்பி 1930களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மக்கள் குடியேறத் தொடங்கியமையாலேயே அது வளம் பெற்றது. எனினும், முன்னர் வந்தோர் பின்னர் வந்தோரை அந்நியராகக் கருதுதல் உலகியல்பு போலும். முன்னையோருட் பலருக்கு வாய்க்கால் நீர் பாயும் வயல் வாய்த்தது. மலையகத்திலிருந்து வந்தோருட் பலருக்குக் காடு வெட்டிய மேட்டுநிலமே எஞ்சிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர்க்கு அந்நிலத்திற்குரிய பத்திரம் பெறுதலும் எளிதாயிருக்கவில்லை. பாடசாலையிற் சில பிள்ளைகள் அவளைத் 'தோட்டக்காட்டாள்' என்றே அழைத்தனர்.

அயலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஆச்சி ஒருவர் வாழ்ந்தார். ஒருநாள் அவர், "கொம்மா என்ன பிள்ளை செய்யிறா?" என்று வினவ, "பேசிக்கிட்டு இருக்காங்க" என்றாள் சிறுமி. "ஏன், நீ என்ன குழப்படி செய்தனி?" என்றார் ஆச்சி. யாழ்ப்பாண வழக்கிற் பேசுதல் என்பது ஏசுதலையும் குறிக்கும் என்பது அவளுக்குத் தெரியாது; தன்னையே குற்றஞ்சாட்டுகிறார் என எண்ணி அழுதுவிட்டாள். உண்மை விளங்கியதும் ஆச்சி அவளை அணைத்துக்கொண்டு, மடியிலிருந்த பாலைப்பழங்களைக் கொடுத்தார். பழத்தின் பால் உதடுகளை ஒட்டிவிட, எண்ணெய் பூசித் துடைத்துவிட்டார். அதன்பின் ஒவ்வோராண்டும் பாலை பழுக்கும் காலத்தை அவள் எதிர்பார்க்கலானாள். மாரியில் இரணைமடு வான்பாய்கின்றது எனக் கேட்டால், ஊரார் யாவருக்கும் முன்னர் ஓடுவாள்.

1982ஆம் ஆண்டில், உறவினர் திருமணமொன்றிற்காக அவள் தோட்டத்திற்குச் சென்றாள். ஐந்தாண்டுகள் ஏங்கிய மலையும் பனியும் கண்முன்னே இருந்தன. ஆயினும் இரண்டாம் நாளே குளிர் தாங்கவியலாது போர்வைக்குள் ஒடுங்கினாள். "வாங்கோ, கதைப்பம்" என்று அவள் கூறக்கேட்ட மைத்துனிமார் நகைத்து, "ஒங்க ஊருப் பேச்சு" என்றனர். கிளிநொச்சியைத் தன் ஊரென ஒருவர் கூற அவள் கேட்டது அதுவே முதன்முறை. அவள் மறுக்கவில்லை.

அவ்வூரும் அவளுக்கு நிலைக்கவில்லை. 1996இல் ஒருமுறை இடம்பெயர்ந்து மீண்டாள். 2008ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் கிழக்கு நோக்கி நடந்து, 2009 மே மாதத்தின் பின் வவுனியா முகாமொன்றிற் சேர்ந்தாள். அங்கு நிரப்பப்பட்ட படிவத்திற் 'சொந்த இடம்' என்றிருந்த நிரலில், எவரும் கேட்குமுன்னரே 'கிளிநொச்சி' என எழுதினாள். பிறந்த தோட்டத்தின் பெயர் அவள் நினைவிலேயே எழவில்லை.

2010இல் திரும்பியபோது வீட்டிற்குக் கூரையில்லை. ஆச்சியின் வளவு பற்றை மண்டிக் கிடந்தது. நாடற்றோர் பலருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் காணியுரிமையை வழங்கவில்லை. காணிக்கு என்ன ஆதாரம் என வினவிய உத்தியோகத்தரைத் தூர்ந்துகிடந்த கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, "இது எங்கட அப்பா வெட்டின கிணறு" என்றாள். உத்தியோகத்தர் அதனைக் குறித்துக்கொண்டு சென்றார்.

அவ்வாண்டு மாரியில், துப்புரவாக்கிய அக்கிணற்றின் அருகே தென்னங்கன்றொன்றை நட்டாள். அனுமதிப்பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. தென்னை காய்க்கத் தொடங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன.